உப்பிப்போன ரப்பர் துண்டு

என் தங்கை கணவரின் கார் பட்டறையில், கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே ஓர் ஆணியில் ஒரு ரப்பர் துண்டு தொங்குகிறது. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு பக்கமும் காது மாதிரி போல்ட் ஓட்டைகள். நடுவில் எண்ணெய் போவதற்கு விட்டிருந்த பெரிய ஓட்டை மட்டும் ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது. ஒரு காலத்தில் தயிரில் ஊறிய வடை போல உப்பியிருந்தது; இப்போது கருத்து இறுகிவிட்டது. புதிதாக வரும் வாடிக்கையாளர்கள், "இது என்ன அண்ணே?" என்று கேட்காமல் போவதில்லை. கேட்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்று கதையை ஆரம்பித்துவிடுவார். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். பேரன் எடுத்த வயதிலும் எரிகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது!

நானும் அவரும் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் முதலில் சேர்ந்தவன் நான். பிறகு இவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவனும் நான்தான். அப்போதெல்லாம் அவன் வெறும் 'அவன்'. "டேய், அந்த ஸ்பானாவ எடுடா" என்றால் ஓடிவந்து கொடுப்பான். என் தங்கையைக் கட்டிய மறுநாளே எல்லாம் மாறிவிட்டது. வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை. பட்டறையில் பழக்கதோஷத்தில் ஒரு 'டா' வந்துவிட்டால் அது எப்படியோ அம்மா காதுக்குப் போய், அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் தொடை மாப்பிள்ளை தட்டுக்குப் போகும். கழுத்து எனக்கு வரும்.

அப்பா தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில் வேலை செய்தார். விலை போகாத துண்டுகளை வீட்டுக்கு எடுத்துவருவார். தோட்டத்து ஆட்களான எங்களுக்கு எந்த ஒழுகலுக்கும் ரப்பர்தான் மருந்து. குழாய் ஒழுகினாலும் தண்ணீர்ப் பம்பு ஒழுகினாலும், இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு துண்டை வெட்டி வைத்து முறுக்கிவிட்டால் போதும். பட்டறையிலும் அதே பழக்கம்தான். நல்ல தடிப்பாக, தேன் நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தால், "இது மாப்பிள்ளைக்கு" என்று அப்பா தனியாக எடுத்துவைப்பார். பெற்ற மகனும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறான் என்பது அவருக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் தவுக்கே புந்தோங் பக்கம் இரண்டாவது பட்டறை திறக்க ஏற்பாடு செய்தார். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் அதற்குத் தலைவனாகப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். மூத்தவன் நான், ஆகவே எனக்குத்தான் என்று நானே முடிவு கட்டி, என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அக்கம்பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு குத்தகைக்காரரின் டர்போ கார் வந்தது. அன்றைய ஈப்போவில் டர்போ கார் தெருவில் போனால் சாப்பாட்டுக் கடையில் இருப்பவர்கள் எழுந்து பார்ப்பார்கள். அதன் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையைத் தவுக்கே மாப்பிள்ளையிடம் கொடுத்தார். எனக்கு ஒரு பழைய லாரியின் பிரேக்.

வேலை முடிந்து கார் போனது. சில வாரங்களில் திரும்பி வந்தது. குத்தகைக்காரர் வீட்டு முன்வாசலில் வெள்ளை மார்பிள் போட்டிருந்தார். தினமும் காலையில் அதில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடக்கிறதாம். இரண்டே சொட்டுதான். ஆனாலும் அவர் போட்ட கூச்சல் பக்கத்துக் கடைவரை கேட்டது. எனக்கு அன்று காலையில் குடித்த கோப்பி கூடுதலாக இனித்தது.

டர்போ ஒன்றும் பெரிய மர்மமில்லை. எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்னக் காற்றாடி, அவ்வளவுதான். அது வெந்துபோகாமலிருக்க மேலிருந்து ஒரு மெல்லிய குழாயில் எண்ணெய் வரும். கீழே ஒரு பெரிய குழாய் வழியாகத் தானாக வடிந்து போகும். ஒழுகுகிறது என்றால் எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம். எண்ணெய் ஓரிடத்தில் கசிந்து வேறோர் இடத்தில் சொட்டும். மாப்பிள்ளை எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். என் தங்கையின் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து டர்போவைச் சுற்றித் தூவினார். கோப்பேங் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து மூடியைத் திறந்தோம். மேல்பக்கம் பவுடர் அப்படியே காய்ந்திருந்தது. ஆகவே எஞ்சின் தலையிலிருந்து வடியவில்லை. டர்போவின் அடியில் மட்டும் பவுடர் ஈரமாகிக் கருத்திருந்தது. மேல்குழாயின் செப்பு வாஷரை மாற்றிப் பார்த்தார். மறுபடியும் பவுடர், மறுபடியும் ஓட்டம், அதே ஈரம்.

தவுக்கே பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காதில் விழும்படி நான் சொன்னேன்: "டர்போ செத்துப்போச்சு மாப்ள. உள்ள சீல் போயிடுச்சு. புதுசு மாத்தணும் லா." கழற்றி மாட்டியபோது இவர்தான் அதைக் கெடுத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். தவுக்கேயின் முகம் சுருங்கியது. புந்தோங் பட்டறையின் சாவி என் இடுப்பில் தொங்குவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

மாப்பிள்ளை ஸ்பானாவை எடுத்தார். காருக்கு அடியில் படுத்துக் கீழ்க்குழாயைக் கழற்றினார். ஒரு கை எண்ணெய் சளக்கென்று கொட்டியது. கொட்டக் கூடாத அளவு. பிறகு வெளியே வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் அந்த ரப்பர் துண்டு. அப்பா கொடுத்த தேன் நிறத் துண்டு. முதலில் சுத்தம் செய்தபோது, கீழ்க்குழாய் மூட்டில் ஒழுகாமலிருக்க வைத்திருந்த பழைய அட்டை கிழிந்துபோனதால் அதற்குப் பதிலாக அதை வெட்டி வைத்திருக்கிறார். தண்ணீரில் ஆயுசுக்கும் கெடாத ரப்பர், சூடான எண்ணெயைக் குடித்துக் குடித்து உப்பி வடியும் வழியை அடைத்துவிட்டது. போக வழியில்லாத எண்ணெய் சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் சத்தமில்லாமல் அதைச் சாக்கடையில் வீசிவிட்டுப் புது அட்டை வைத்திருப்பான். இவர் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "மச்சான், நம்ம ரப்பரே நம்ம கால வாரிடுச்சு!" பிறகு தவுக்கேயிடம் திரும்பி, "சாயா புன்யா சாலா, தவுக்கே. என் தப்புதான்" என்றார்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். தவுக்கே அந்தத் துண்டை வாங்கி அமுக்கிப் பார்த்து, அவரும் சிரித்தார். தன் தப்பைத் தானே சொல்கிறவன் இருக்கிற இடத்துக்குத் தான் போய்க் காவல் காக்கத் தேவையில்லை என்று மலாயில் சொன்னார். புந்தோங் பட்டறை மாப்பிள்ளைக்குப் போனது. பின்னாளில் அவருக்கே சொந்தமும் ஆனது. அன்று வீட்டில் என் மனைவி கேட்டாள்: "தப்பு செஞ்சவங்களுக்கா கட கொடுத்தாங்க?" எனக்கும் அதே கேள்விதான். அப்பா அந்தத் துண்டை எனக்குக் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் வெட்டி வைத்திருப்பேன். நானும் எல்லார் முன்னாலும் என் தப்பு என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை. நான் மாட்டிய பிரேக் நன்றாகப் பிடித்தது. அதை யார் கவனித்தார்கள்?

போன மாதம் என் மகனோடு அந்தப் பட்டறைக்குப் போனேன். ஆமாம், என் மகன் தன் காரை அவனுடைய மாமாவிடம்தான் விடுகிறான். யாரோ ஓர் இளைஞர் ஆணியைக் காட்டிக் கேட்க, மாப்பிள்ளை எழுந்து நின்றார். மார்பிள் தரை, பவுடர், செப்பு வாஷர், உப்பிய ரப்பர் எல்லாம் வந்தன. டர்போ செத்துவிட்டது என்று ஒருவன் சொன்னது மட்டும் வரவில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒருதடவைகூட வந்ததில்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே போகவேண்டுமா? முட்டாளாகவாவது நான் அந்தக் கதையில் இருந்திருக்கலாம்.

காரில் ஏறியதும் மகன் கேட்டான்: "அப்பா, அப்ப நீங்களும் அந்தப் பட்டறையிலதானே வேல செஞ்சீங்க? மாமா கதையில நீங்க வர்றதே இல்ல. அன்னைக்கு லீவா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை அந்த ரப்பர் துண்டைத் துடைத்து ஆணியில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன். "லீவு."