எங்கள் வீட்டு முறை

நியாயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருப் பெண்கள் அந்தக் குறுவைப் பருவத்தில் நியாயம் பேசிப் பேசித்தான் நாங்கள் எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்தோம்.

நடவுக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளை ஒரு அத்தைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவள், சேற்றில் இறங்க முடியாது. வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் தூளி கட்டி ஆட்டுவாள். தவழ்கிற பிள்ளையின் இடுப்பில் கிழிந்த புடவைத் துண்டை முடிந்து, மறுமுனையைத் தன் கணுக்காலில் கட்டிக்கொள்வாள். நான்கு பிள்ளைகள்: என் தம்பி, பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் இரட்டைப் பையன்கள், கடைசி வீட்டுக்காரியின் இரண்டு வயதுப் பெண். சாயங்காலம் கூலி நெல் அளந்ததும் பிள்ளைக்கு ஒரு ஆழாக்கு என்று அவள் முறத்தில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த ஆனி மாதம் கூலியைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மறித்தவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, என் அப்பாவையும் சேர்த்து. ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படி அரிசி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் ரூபாயும் இல்லை, படியும் இல்லை. கொட்டிக்கிழங்கும் நத்தையும் தின்றோம். பெண்கள் மறியலுக்குப் போன நாட்களிலும் அத்தைதான் பிள்ளைகளைப் பார்த்தாள், வெறும் வயிற்றோடு.

வேலைநிறுத்தம் முடியும் முன்பே, வேலை திரும்பினால் அவளுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று ஒருநாள் பேச்சு வந்தது.

"வூட்டுக்கு ஒரு ஆழாக்குன்னு வெச்சிக்குவோம். ஒரே வவுத்துல ரெண்டு பொறந்தது என் குத்தமா?" என்றாள் சின்னம்மா.

"என் ஒத்தப் புள்ளைக்கும் உன் ரெண்டுக்கும் ஒரே அளவா? நல்லாருக்குடி உன் நாயம்!" என்றாள் அம்மா.

"எம் பொண்ணு தூளி கேக்குதா, தாலாட்டு கேக்குதா? அது பாட்டுக்கு வெளையாடுது. எனக்கு அரை ஆழாக்குதான்" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

"வெளையாடுதா? வாய்க்காலுக்குல்ல ஓடுது!" என்றாள் அம்மா.

கொடுக்க ஒரு மணி நெல் கிடையாது. வாய் மட்டும் காது வரைக்கும். அத்தை அங்கேயேதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சண்ட போடாதீங்கடி. நான் திருக்கடையூர் போறேன். அங்க தெனம் யாருக்காச்சும் அறுவதாங் கல்யாணம் நடக்கும். கோயில் வாசல்ல குந்துனா கை நெறய சோறாவது விழும்" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். மறுநாள் காலையில் பூவரச மரத்தில் தூளிகள் மட்டும் தொங்கின.

அடுத்த வாரமே போராட்டம் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது, திங்கட்கிழமை நடவு என்றார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது? மூன்று பேரும் கூடி முடிவெடுத்தார்கள். நெல்லாகக் கொடுத்தால்தானே சண்டை, வீட்டுக்கு ஒரு நாள் முறை வைப்போம், அந்தந்த வீட்டு மூத்த பெண்பிள்ளை உட்காரட்டும். இதைவிட நியாயம் உண்டா என்று எல்லாருக்கும் ஒரே திருப்தி. பெண்பிள்ளைகளை யார் கேட்டார்கள்? முதல் முறை எங்கள் வீட்டுக்கு, அதாவது எனக்கு, விழுந்தது.

அந்தத் திங்கட்கிழமைதான் பக்கத்து ஊரான குத்தாலத்தில் சர்க்கார் விடுதியில் பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் நாள்; ஐந்தாவது முடித்திருந்த எனக்கும் ஒரு இடம் இருந்தது. ஆறாம் வகுப்பும் மூன்று வேளைச் சோறும். தாயோ தகப்பனோ நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், வராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அப்பா இன்னும் ஜெயிலில்.

அம்மா சின்னம்மாவிடம் கெஞ்சினாள். "ஒரு நாளைக்கு மட்டும் முறைய மாத்திக்கடி."

"எம் பொண்ணு நாத்துப் பறிக்க அரைக் கூலிக்கு வருது அக்கா. அந்த நெல்லுதான் அன்னிக்கி ராத்திரிக்கு. மொத நாளே மாத்துனா அப்பறம் அது என்ன நாயம்?"

கடைசி வீட்டுக்காரி கதவையே திறக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாரும் வயலில் இறங்கும் வரைக்கும் அம்மா மரத்தடியில் நின்றாள். பிறகு கழுவி வைத்திருந்த எருக்கூடையில் இரட்டையரை உட்காரவைத்துத் தலையில் தூக்கினாள். தம்பியை முந்தானையில் கட்டிக்கொண்டாள். இரண்டு வயதுக்காரி என் இடுப்பில். "வாடி" என்றாள், அவ்வளவுதான். ஆற்றங்கரையோடு நடந்தோம். பாதி வழியில் நான்கும் பசியில் வீறிட்டன. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக மார்பில் போட்டுப் பார்த்தாள். பால் எங்கே இருக்கிறது, தன் பங்குக் கிழங்கையும் எங்களுக்கே போட்ட உடம்பில்? "கடவுளே, இந்தப் பொழப்புக்கு ஆத்துல எறங்கிடலாம்" என்று சொன்னாள். நான் எழுந்து அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

விடுதியில் வார்டன் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, இதெல்லாம் யாரு புள்ளைங்க?"

"எல்லாம் நம்மளதுதாங்க. பொண்ண மட்டும் சேத்துக்குங்க."

அம்மா கைநாட்டு வைத்தாள். மை காய்வதற்குள் வாசலில் கூச்சல். முழங்கால் வரை சேறு, ரவிக்கை முன்பக்கமெல்லாம் பால் கசிந்து நனைந்து, சின்னம்மா ஓடிவந்தாள். கஞ்சி வேளைக்குப் பால் கொடுக்க மரத்தடிக்குப் போயிருக்கிறாள், தூளிகள் காலி.

"பாவி! எம் புள்ளைங்கள வாய்க்காத் தண்ணி கொண்டுபோயிடுச்சின்னு மாரடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்! வாத்து மேய்க்கிறவரு பாத்துச் சொல்லலன்னா நானும் குதிச்சிருப்பேன்!" என்று அம்மாவைக் கன்னத்தில் அறைந்தாள். அம்மா தடுக்கவில்லை.

சின்னம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து இரண்டு பையன்களையும் மார்பில் அணைத்துக்கொண்டாள். அவர்கள் குடித்து முடித்ததும் என் தம்பியை வெடுக்கென்று பிடுங்கி அவனுக்கும் கொடுத்தாள். அம்மா அப்போதுதான் அழுதாள்.

எழுந்திருக்கும்போது சின்னம்மா சொன்னாள்: "நாளைக்கும் உன் முறைதான் அக்கா. இன்னிக்கிது கணக்குல வராது. என் கூலியும் போச்சு."

"வராதுதான்" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் இங்கே இருந்தால் எங்கள் வீட்டு முறைக்கு உட்காரப் பெண்பிள்ளை ஏது? இனி முறை வரும் நாளெல்லாம் அம்மாதான் உட்கார வேண்டும், கூலியை விட்டுவிட்டு. "நானும் வந்துடறேம்மா" என்றேன்.

"வாய மூடிக்கிட்டு உள்ள போ. வவுறு நெறயத் தின்னு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. அழுதுகொண்டே மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றேன்.