ஏழு பேர் ஏறினால் ஆடாத ஜீப்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சூரியநெல்லியில் சாரல், பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியாத பனிமூட்டம். சின்னக்கானல் போகும் வழியில் ஓர் ஏற்றம். என் ஜீப் இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் நடுங்கத் தொடங்கியது. முப்பதில் இருக்கையே என் முதுகைத் தட்டியது. எட்டு முறை வேகத்தைக் குறைத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். எட்டு முறையும் அதே இருபத்திரண்டு.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். மல்லாந்து படுத்தபடி வர வேண்டும், நடுவழியில் வண்டி மாற்றக் கூடாது, அதிர்வு கூடவே கூடாது என்று டாக்டர் மூன்று விரலை நீட்டிச் சொன்னார். எங்கள் வீட்டுக்கான கடைசி மூன்று கிலோமீட்டர் கல் பாதை, ஆம்புலன்ஸ் ஏறாது. அதனால் தேனியிலிருந்தே ஜீப்தான். கல் பாதையில் நடைவேகத்தில் ஊர்ந்துவிடலாம். போடிமெட்டு மலை ஏற்றம் முழுவதும் இப்படி நடுங்கினால் என்ன செய்வது?

அந்தக் கல் பாதைக்காகத்தான் அக்டோபரில் பின் ஸ்பிரிங்குகளில் பிளேட் கூட்டி, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தேன். அடிவயிறு கல்லில் இடிப்பது நின்றது. நடுக்கம் வந்தது.

சூரியநெல்லி மெக்கானிக் என்னைவிட இருபது வயது இளையவர். நான் எஸ்டேட் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்ததால் என்னை "ஸ்டோர் சார்" என்பார்.

"கியர்பாக்ஸ்ல இருந்து பின்னால போற ஷாஃப்ட்டு இருக்குல்லா, அதோட ஜாயிண்ட் ரெண்டும் போயிருக்கும் சார். மாத்திருவோம்."

மாற்றினார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். முதல் வளைவில் கொழுந்து கிள்ளும் பெண்கள் மூன்று பேர் கை காட்டினார்கள். அடுத்த வளைவில் கேஸ் சிலிண்டரோடு ஒருவர். அதற்கடுத்து பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர். எங்கள் பக்கம் ஆள் நிற்பதைப் பார்த்து எந்த ஜீப்பும் நிற்காமல் போகாது. ஏற்றத்தில் முப்பது, நாற்பது என்று அழுத்தினார். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று.

"எங்க சார் ஆடுது? ஒங்க கைதான் ஆடுது!" என்றார். பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

தனியாக வீட்டுக்குத் திரும்பினேன். இருபத்திரண்டில் நடுங்கிற்று.

புதன்கிழமை நான்கு சக்கரங்களையும் பேலன்ஸ் பார்த்தோம். ஓட்டிப் பார்த்தபோது ஆறு பேர் ஏறினார்கள். நடுக்கம் இல்லை. திரும்பும்போது மறுபடி நடுக்கம். அன்று இரவு, உண்மையிலேயே என் கையா என்று மேஜைமேல் விரல்களை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை நானே ஓட்டினேன். ஏழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் மிச்சமிருப்பவர்களை எண்ணி, அடுத்த ஏற்றத்தில் முப்பதைத் தொட்டுப் பார்த்தேன். ஏழில் இல்லை, ஐந்தில் இல்லை, மூன்றில் லேசாக ஓர் உறுமல். கடைசி ஆள் இறங்கியதும் சட்டைப் பையில் இருந்த பேனா துடித்தது. வண்டியை அப்படியே பட்டறைக்குத் திருப்பினேன்.

"ஒரு ஆளையும் ஏத்தாம ஓட்டிப் பாரும்" என்றேன்.

"நிறுத்தாம போனா ஞாயித்துக்கிழம கோயில்ல மூஞ்சிய எப்பிடி சார் காட்ட?"

"என் வீட்டுக்காரி முதுகு பெரிசா, உம்ம மூஞ்சி பெரிசா?"

முனகிக்கொண்டே கிளம்பினார். வளைவில் ஒரு பாட்டியம்மா கையை நீட்டினார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

"ஏலே, கண்ணு பொட்டையாப் போச்சா? ஒங்கம்மா கிட்ட வந்து சொல்லுதேன் பாரு!" என்ற குரல் அடுத்த வளைவுவரை வந்தது.

இருபத்திரண்டில் ஸ்டியரிங் அவர் கையிலேயே உதறியது. வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க சார். பாரம் ஏறுனா ஸ்பிரிங் அமுங்கி ஷாஃப்ட்டு நிமிந்துருது. வெறும் வண்டியில அது ரொம்பச் சாஞ்சு நிக்கி. நான் ரெண்டு நாளும் ஆள ஏத்திட்டே பாத்துருக்கேன்."

பட்டறையில் கைபேசியை ஷாஃப்ட்டின் மேல் வைத்துச் சாய்வு பார்த்தார். கியர்பாக்ஸ் பக்க ஜாயிண்ட் ஐந்து டிகிரி மடிந்திருந்தது. பின் அச்சுப் பக்கம் பதினொன்று. இரண்டும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் உதறலை மற்றது அடக்கும் என்றார். மூட்டை ஏற்றிச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். மெத்தை விரித்த பிறகு மூட்டையை எங்கே வைப்பது என்று அவரே திருப்பிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பூப்பாறை லேத்தில் ஆறு டிகிரி சரிவில் இரண்டு இரும்பு ஆப்புத் தகடுகள் கடைந்து வாங்கி வந்தார். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே அவற்றைச் செருகி, ஷாஃப்ட் வந்து சேரும் அச்சின் மூக்கை மேலே நிமிர்த்தி, புதிய யூ போல்ட்டு நான்கும் முறுக்கினார். மாலை நாலரைக்கு நான் தனியாக ஓட்டினேன். இருபத்திரண்டு. முப்பது. நாற்பது. நம்பிக்கை வராமல் மறுபடி இரண்டு முறை ஏறி இறங்கினேன். நடுக்கம் இல்லை.

சனிக்கிழமை மனைவி மெத்தையில், அவள் தங்கை பக்கத்தில். போடிமெட்டு ஏற்றத்தில் ஆறாவது கொண்டைஊசி வளைவு தாண்டியும் பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அது எனக்கு நடுக்கத்தைவிடப் பயமாக இருந்தது. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நல்லா அசந்துட்டு வந்தேன். எதுக்கு நிறுத்துனீங்க?"

"சும்மாதான். வலிக்குதா?"

"இல்ல. உசுரோடதான் இருக்கேன், ஓட்டுங்க. ஆமா, வண்டிக்கு எவ்வளவு அழுதீங்க?"

தேவையில்லாமல் மாற்றிய ஜாயிண்ட் இரண்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம், சக்கரத்துக்கு எண்ணூறு, தகடு ஆயிரத்து நானூறு, போல்ட்டு எழுநூற்று இருபது, கூலி அறுநூறு. அவளிடம் எதையும் மறைக்கவில்லை: ஐயாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.