பச்சைவீட்டு வாயுவும் ஹனிபா நானா வீடும்

போன வாரம் கண்டிக்குப் பக்கத்தில், திகனவில் ஒரு பேச்சு. தலைப்பு, காலநிலை மாற்றம். விஞ்ஞான டீச்சர் என்று பெயர் எடுத்துவிட்டால் இப்படித்தான்… கூப்பிடுவார்கள், நாமும் போய் நிற்போம்.

"பச்சைவீட்டு வாயுதான் பூமியைச் சூடாக்குகிறது" என்றேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்தானே? ஆனால் சபையே திரும்பி, ஓரமாக இருந்த ஹார்ட்வெயார் கடை ஹனிபா நானாவைப் பார்த்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு அவரே போன் எடுத்தார்.

"டீச்சர், நீங்க பேசிட்டுப் போயிட்டீங்க. எங்கட ரோட்டுல பச்சை பெயின்ட் அடிச்ச ஊடு எங்கடது மட்டும்தான். போறவங்க எல்லாம் மூக்கப் பொத்துறாங்க!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மகளுக்குக் கலியாணம் பேசிட்டு ஈக்கிறம். நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. அவங்க காதுலயும் விழுந்துட்டு. உங்கட ஊட்டுல என்ன வாயுன்னு கேட்டா நான் என்ன செல்ல?"

என் சிரிப்பு நின்றது. கல்யாணத்தைக் குழப்பிய டீச்சர் என்ற பெயர் எனக்குத் தேவையா? மறுநாளே பஸ் ஏறினேன்.

வீடு… நல்ல கிளிப்பச்சை! நான் போய்ச் சேரவும் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஏசி பழுது. தூசிக்குப் பயந்து கண்ணாடிகளையும் மூடியே வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் உம்மா வியர்வையில் குளித்தபடி இறங்கினார். இறங்கியதும் வீட்டைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ராத்தா, வேனுக்குள்ள எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"அடுப்புக்குள்ள இருந்த மாதிரி!"

"அதேதாங்க. கண்ணாடி வழியா வெயில் உள்ள வருது, சூடு வெளிய போக மாட்டேங்குது. குளிர் நாட்டுல செடி வளர்க்க இப்படித்தான் கண்ணாடி வீடு கட்டுவாங்க. அதுக்குப் பேருதான் பச்சைவீடு. பூமியைச் சுத்தியும் சில வாயு இதே மாதிரி சூட்டைப் பிடிச்சு வச்சுக்குது. நாம பெட்ரோல், டீசல் எரிக்க எரிக்க அது கூடுது. பெயின்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ராத்தா யோசித்தார். முகம் தெளிந்தது.

"அப்ப ஊட்டுல பிழை இல்ல. எங்கட வேன்லதான் பிழை!"

வேனை ஓட்டி வந்த அவர் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே போனோம், தேதி குறித்தார்கள். ஹனிபா நானா வட்டிலப்ப இனிப்பைப் பெரிதாக வெட்டி முதலில் என் தட்டில்தான் வைத்தார்.

நாம் ஒன்று சொல்கிறோம்… கேட்பவர் காதில் அது யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து ஓசோன் ஓட்டை பற்றிப் பேச வேண்டுமாம். தலைப்பைக் கேட்டதுமே ஹனிபா நானா கூரையில் ஆள் ஏற்றிவிட்டார்!