அழ மறந்த நாடகம்

ஆமத்தூர்ப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பொன்னுத்தங்கம், தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மேடை ஏறியிருக்கிறாள். அதுவும் ஆசைப்பட்டு ஏறவில்லை. அம்மா வேஷம் போடவிருந்த பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது, இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த மேடையில் நடந்த கூத்தைச் சொல்வதற்கு முன்னால் அவளுடைய அழுமூஞ்சிப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

படம் எடுத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பா கரிசல் காட்டில் கூலி வேலை பார்த்தவர். மழை ஏமாற்றியதும் காட்டு வேலை நின்றுபோனது. மூத்தவள் என்பதால் பொன்னுத்தங்கம் தீப்பெட்டிக் கம்பெனி வேனில் ஏறினாள். ஒரு சீசனுக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டார்கள். கோழி கூவுவதற்கு முன்பே வேன் வந்துவிடும். உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தி. வழி நெடுக ஒரே பாட்டும் விடுகதையும்தான். கம்பெனியில் வரிவரியாகப் பள்ளம் கீறிய கட்டைகளில் தீக்குச்சியை அடுக்க வேண்டும். கை அதன் வேலையைப் பார்க்கும், வாய் அதன் வேலையைப் பார்க்கும்.

அப்படி ஒரு நாள் பட்டணத்திலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். இந்தப் பிள்ளைகளின் கஷ்டத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று பஸ் ஏறி வந்தவர். ஆனால் பிள்ளைகள் ஒத்துழைக்கவில்லை. கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்கம்மா, கொஞ்சம் சிரிக்காம இருங்க" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச இன்னும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் பொன்னுத்தங்கத்தின் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டாள். வலியில் முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது. அவர் கிளிக் செய்துவிட்டார்.

அந்த முகம் பத்திரிகையில் வந்தது, புத்தக அட்டையில் வந்தது, போஸ்டரில் வந்தது. பதினாறு வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தபிறகு, அவள் யாருடைய துணையும் இல்லாமல் முதன்முதலாக வாசித்தது பஸ் ஸ்டாப்பில் தன் படத்துக்குக் கீழே இருந்த வரியைத்தான். 'சிரிப்பைத் தொலைத்த சிறுமி.' வாசித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சிரிப்பையா தொலைத்தோம்? அது வேன் நிறைய இருந்தது. மூன்று சொல்லைப் படிக்க இம்புட்டு வயசாகிவிட்டதே என்றுதான் அழுகை.

படம் எடுத்தவர்மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் இல்லை. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்து ஊர் உலகம் உச்சுக்கொட்டியதால்தான் பிள்ளைகளை ஏற்றிப்போன வேன்கள் நின்றன. அவளுடைய மகளே படித்து மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். ஒரே ஒரு சங்கடம்தான். கிழிந்த சட்டையையும் அழுமூஞ்சியையும் தேடிப் பழகிய கண்ணுக்கு, சிரித்துக்கொண்டே வேலை பார்க்கும் பிள்ளை எதிரில் நின்றாலும் தெரிவதில்லை.

மாரிசெல்வி அப்படிப்பட்ட பிள்ளை. எட்டாம் வகுப்பு. வாயாடி. தட்டை நீட்டும்போதே, "அத்தை, எனக்குப் பெரிய முட்டையாப் போடுங்க, நான் வளர்ற பிள்ள" என்பாள். ஆடி முடிந்ததிலிருந்து அந்த விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிவதைப் பொன்னுத்தங்கம் பார்த்தாள். சாப்பிடும்போதே கண் சொக்குவதையும் பார்த்தாள். விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் அம்மா சண்முகத்தாய் கம்பெனியிலிருந்து ஆர்டர் பிடித்து, கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி, வெடிக்குக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவள். பள்ளிக்கூடம் விட்டதும் மகளும் உட்கார்ந்துவிடுவாள்.

"காலாண்டுப் பரீட்சை முடிஞ்சா தீவாளி வரைக்கும் எனக்கு லீவு அத்தை" என்றாள் ஒரு நாள் பெருமையாக. "அம்மா இந்தத் தடவ நெறைய ஆர்டர் பிடிச்சிருக்கு. தீவாளி கழிச்சுத்தான் வருவேன்."

 ஒரு சீசனுக்கு மட்டும் என்று போனவர்கள் எத்தனை பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்று பொன்னுத்தங்கத்துக்குத் தெரியாதா? அவளே திரும்பி வராதவள். அன்று சாயங்காலமே சண்முகத்தாய் வீட்டுக்குப் போனாள்.

சண்முகத்தாய் அவளை மதினி முறை வைத்துக் கூப்பிடுகிறவள். "வாங்க மதினி, காப்பி குடிக்கீகளா?" என்று எழுந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"நான் என்ன பிள்ளைய கம்பெனிக்கா அனுப்புறேன்? வீட்டுக்குள்ள, ஃபேனுக்கு அடியில, டிவி பாத்துக்கிட்டே உருட்டுறா. வெடிமருந்து கிருந்து கண்ணுலயாவது காட்டுறேனா? ஒரு அடி உண்டா, ஒரு ஏச்சு உண்டா? ரெண்டு மாசம்தான மதினி." பிறகு மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாருங்க. ஒங்க படத்துல இருக்க மாதிரியா இருக்கா எம்பிள்ள?"

மாரிசெல்வி பல் தெரியச் சிரித்தாள். பொன்னுத்தங்கம் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். அவளுடைய படமே அவள் வாயை அடைத்துவிட்டது.

அந்த வாரம்தான் சூலக்கரைக் கலெக்டர் ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றி ஒவ்வொரு பள்ளியும் நாடகம் போட வேண்டும். நன்றாக இருந்தால் கலெக்டர் ஆபீஸிலேயே போடலாம். தமிழ் வாத்தியார் செழியன் இளவட்டம், உற்சாகமான ஆள். ஒரே ராத்திரியில் எழுதிவிட்டார். முறுக்கு மீசை முதலாளி, கையில் சாட்டை, முகத்தில் கரி பூசிய பிள்ளைகள், பக்கத்துக்குப் பக்கம் அழுகை. மாரிசெல்விதான் கதாநாயகி. அம்மா ஒரே காட்சியில் வந்து, 'அழாதே மகளே, நமக்கும் விடிவு காலம் வரும்' என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வேஷம் தன் தலையில் விழுந்த அன்று பொன்னுத்தங்கம் வாத்தியாரிடம் கேட்டாள். "சார், மொதலாளி வாறாரு, சாட்டை வருது, எல்லாம் சரி. பிள்ளைய அனுப்பி வச்சது யாருன்னு வரலையே?"

"அம்மாவைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிருமேன்னு விட்டுட்டேங்க்கா. அவங்களும் பாவம், என்ன செய்வாங்க?"

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. 

நாடகத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. சண்முகத்தாய் முன்வரிசையில், மகளைப் பார்க்கத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செழியன் சும்மா கையை ஆட்டி உருட்டுவது மாதிரி நடித்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தத்ரூபமாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து நிஜக் காகிதம், நிஜக் கம்பி, நிஜப் பசை எல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

திரை விலகியது. கிழிந்த பாவாடையும் கரி முகமுமாக மாரிசெல்வி நடுவில் உட்கார்ந்திருந்தாள். 'ஐயோ, என் கைகள் நோகின்றனவே, என் புத்தகப் பை எங்கே?' என்று கதறிக்கொண்டே காகிதத்தை எடுக்க வேண்டும். அவள் முதலில் காகிதத்தை எடுத்துவிட்டாள். கம்பி கைக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு உருட்டத் தொடங்கிவிட்டது. கை ஓடினால் வாயும் ஓட வேண்டுமே, அதுதானே பழக்கம். பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, நேத்து சீரியல் பாத்தியா? அந்த மாமியாக்காரி மறுபடி மயங்கி விழுந்துட்டா!" என்று ஆரம்பித்துவிட்டாள். மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"அழு! அழு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து செழியன் கத்தினார். அவளுக்கு அது எட்டவில்லை. உருட்டிய குழாய்கள் பக்கத்தில் குவிந்துகொண்டிருந்தன.

ஓரத்தில் நின்ற பொன்னுத்தங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. 'அழாதே மகளே' என்று போய்ச் சொல்ல வேண்டும். அழாத பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? தெரிந்ததும் மறந்துபோய் மேடையில் நடந்தாள். மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவினாள். அப்போது வாயில் வந்தது வாத்தியார் எழுதியது அல்ல. தன்னைப் பெற்றவள் தினமும் சொன்னது.

"எந்தாயி! கை எம்புட்டு வேகம் பாரு! நாலு ஆம்பளப் பிள்ள இருந்தாலும் இம்புட்டு ஒத்தாசையா இருக்குமா? நீதான்டி இந்த வீட்டையே தாங்குற."

மாரிசெல்வி நிமிரவே இல்லை. வீட்டில் சொல்கிற பதில் தானாக வந்தது. "இன்னும் ஒரு கட்டு காகிதம் குடும்மா, முடிச்சிருறேன்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணுமா தாயி?"

"வேண்டாம்மா. சீசன் முடியட்டும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்போடு கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் மடியில் கிடந்த தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மைதானத்தில் அந்த வார்த்தைகளைச் சொல்லாத வீடு எத்தனை இருக்கும்? சண்முகத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து, தன் முறை வந்துவிட்டதென்று முறுக்கு மீசை முதலாளி சாட்டையோடு பாய்ந்து உள்ளே வந்தான். அங்கே அம்மா மகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் இங்கும் அங்கும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

நிசப்தம் உறைத்துத்தான் மாரிசெல்வி நிமிர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். கை நின்றது. செழியன் தலையில் கை வைத்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டார். சூலக்கரைக்கு வேறு பள்ளிக்கூடம் போனது.

மறுநாள் காலையில் சமையல் கூடத்து வாசலில் சண்முகத்தாய் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஊருக்கு முன்னால என்னய வச்சு நாடகம் போட்டுட்டீகளே மதினி."

"உன்னய வச்சுப் போடலடி" என்றாள் பொன்னுத்தங்கம், அடுப்பைத் தணித்துவிட்டு. "எங்காத்தாள வச்சுப் போட்டேன். அவ நல்லவ. உன்னய மாதிரியே நல்லவ. அடிச்சு அனுப்பியிருந்தா எங்கயாவது ஓடிப்போய் ஒளிஞ்சிருப்பேன். அவ கொஞ்சுனா சம்முகத்தாயி. அவ கொஞ்சுறதுக்காகவே வேல பாத்தேன். பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு."

 கூடையில் அவித்த முட்டை இருந்தது. சும்மா நிற்கத் தெரியாத கை சண்முகத்தாய்க்கு. உட்கார்ந்து ஓடு உரிக்க ஆரம்பித்தாள். பாதிக் கூடை உரித்தபிறகுதான் வாய் திறந்தாள்.

"பிடிச்ச ஆர்டர அப்படியே வேண்டாம்னு சொல்ல முடியாது மதினி. பாதியத் திருப்பிக் குடுத்துருறேன். மிச்சத்த நானும் எங்க வீட்டுக்காரகளும் உருட்டிக்கிறோம்."

"அவுகளுக்குக் கை வருமா?"

"வரவச்சிருவோம். டிவி முன்னாலதான உக்காந்திருக்காக" என்றாள் சண்முகத்தாய். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் பொன்னுத்தங்கத்துக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டேதான் இருந்தது. மனசு இளகிச் சொல்கிற வார்த்தை வேறு, சீசன் சூட்டில் நடப்பது வேறு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, சோற்றுச் சட்டியைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் முதல் மணி அடித்தது. மாரிசெல்வியைக் காணோம்.

மத்தியானம் வரிசை நின்றது. கடைசியில், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். பிந்தி வந்ததால் வெளியே நிற்க வைத்தார்களாம். விரல்களில் பசை இல்லை, பேனா மை இருந்தது. பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செழியன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எல்லாரும் இங்க பாருங்க, சிரிங்க!"

வரிசை முழுக்கப் பல்லைக் காட்டியது. மாரிசெல்வி மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"என்னடி? வீட்டுல எதும் சொன்னாகளா?" என்று பதறினாள் பொன்னுத்தங்கம்.

"காலாண்டுக் கணக்குல முப்பத்திரெண்டுதான் அத்தை" என்றாள் மாரிசெல்வி. சொல்லி முடிப்பதற்குள் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "நல்லாத்தான் எழுதுனேன்... அந்த டீச்சர் எனக்கு மட்டும் கொறச்சுப் போட்டுட்டாக..."

"அழாதே மகளே!" என்று வரிசையில் முன்னாள் முதலாளி குரல் கொடுத்தான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பொன்னுத்தங்கம் கூடைக்குள் கையைவிட்டுத் துழாவி, இருப்பதிலேயே பெரிய முட்டையாகப் பார்த்து எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அவன் கெடக்கான். நீ நல்லா அழு தாயி" என்றாள். "கணக்குக்குத்தான அழுற. அழு."