அப்பன் மடியில் காது குத்தமாட்டார்கள்

பிரசவத்தில் என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மகளை நான்தான் வளர்த்தேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன். பால் புட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கணும் என்று கம்பவுண்டர் சொன்னதை ஒருவேளைகூடத் தப்பவிட்டதில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. குழந்தை சிரித்தால் அம்மா ஜாடை. தும்மினால் ஆம்பள வளர்ப்பு. இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனால், "இன்னாய்யா, மாராப்பும் போட்டுக்கயேன்" என்பார்கள்.

அவளுக்கு ஒன்றரை வயசில், காது குத்தத் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். மச்சான் உட்காரவில்லை.

"மடி குடுக்கறேன் மாப்ள. இன்னியிலர்ந்து கொழந்த எங்க ஊட்ல வளரட்டும்."

"இதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

மாமியார் குறுக்கே வந்தார். "பொட்டப்புள்ள. நாளைக்கி வயசுக்கு வந்தா யாராண்ட சொல்லும்? நீ ஒருத்தியக் கட்டிக்கினு சுகமா இரு மாப்ள. நாங்க தடுக்கல."

அந்தக் கேள்வி என்னையும் பல நாள் அரித்ததுதான். ஆனால் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது என் வாசப்படி மிதிக்காதவர் அதைக் கேட்கக்கூடாது. கீழே உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க குத்துங்க ஆசாரி."

அவர் ஊசியைப் பெட்டிக்குள் போட்டார். "அப்பன் மடில குத்துனா ஊர்ல எனக்கு எவன் வேல குடுப்பான்? பேசி முடிச்சிட்டு வாங்க."

வந்திருந்த சொந்தக்காரன் ஒருவன் சிரித்தான். "தாய் வேலையும் இவனே பாப்பான், மாமன் வேலையும் இவனே பாப்பான். அப்பன் வேலைக்கு ஆள் வெச்சிக்குவான் போல."

எல்லோரும் சிரித்தார்கள், ஆசாரிகூட.

"காது மூளியாவே இருக்கட்டும். புள்ளயக் குடுக்கமாட்டேன்," என்று எழுந்துவிட்டேன். மச்சான் வழியை மறிக்கவில்லை. "எத்தினி நாளைக்கின்னு பாக்கறேன்," என்றான்.

பஸ்ஸில் கூட்டம். பசியில் மகள் கத்தினாள். சீட்டில் இருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புள்ளய உங்கைல குடுத்துட்டு இவ ஆத்தா எங்க போனா?"

இன்னொரு தரம் நியாயம் பேச என்னிடம் தெம்பில்லை. "ஊட்ல இருக்கா. ஒடம்பு சரியில்ல," என்றேன்.

"அதான பார்த்தேன்," என்று நகர்ந்து இடம் விட்டாள். செத்தவளை உயிரோடு இருப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.