மே பத்தில் பிறந்தவர்கள்

போன வாரம், செவ்வாய்க்கிழமை காலை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் கொடுக்கும் சாஃப்ட்வேர் லிங்க்குக்காக நல்லதாக ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மில்லுக்கு ஆப் செஞ்சு குடுத்த மேடம் நீங்கதானா?"

நானேதான் என்றேன். யாரோ பாராட்டப் போகிறார்கள் என்று நினைப்பு.

"எம் பேரு ஈஸ்வரி. ஸ்பின்னிங்ல வேலை பாக்குறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் எந்த ஸ்டாப்புல இறங்குறேன்னு அதுல யாரு யாரு பாக்கலாம்?"

"நீங்க பாக்கலாம், டைம் ஆபீஸ் பாக்கலாம். வேற யாரும் பாக்க முடியாது."

"அப்ப எம் புருசனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு இந்த ஆப் ஞாபகம் இருக்கும். வேடசந்தூர் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்காக எழுதிக் கொடுத்தது. எந்த ஷிப்ட், எந்த மில் பஸ், எந்த ஸ்டாப் — மூன்றையும் தொழிலாளர்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டுவார்கள். நனைந்து போகும், யாராவது கிழித்துவிடுவார்கள்... அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டேன் என்று ஒரு வாரம் இந்தப் பக்கம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஈஸ்வரி என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. பெயரையும் தேதியையும் மாற்றி, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கணவரின் அடி தாங்க முடியாமல் மூன்று மாதம் முன்பு மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வந்துவிட்டார். சித்தி வீட்டில் தங்கல். வேறு ஊர், புது போன் நம்பர். மில்லில் ஷிப்டும் வருகையும் கவனிக்கிற டைம் ஆபீஸில் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வேறு ரூட் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். பஸ் மில்லுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் என்பதால் மூன்று மாதமும் நிம்மதியாகத்தான் போயிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் அவருடைய ஸ்டாப்பை நெருங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கணவர் பைக்கோடு நிற்கிறார்.

ஈஸ்வரி சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்ன தாயி, எறங்கலையா?" என்று திரும்பிப் பார்த்த டிரைவர், முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். அடுத்த ஸ்டாப்பில் அவரோடு நான்கு பெண்கள் இறங்கி, சுற்று வழியாக வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"இன்னைக்கு லீவு போட்டுட்டேன். நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

என் முதல் பதில் என்ன தெரியுமா? எழுதவே கூசுகிறது. "பஸ்ல கூட வர்ற யாராவது சொல்லியிருப்பாங்க ஈஸ்வரி. ஆப்ல இருந்து போக வாய்ப்பே இல்ல." நம் சாஃப்ட்வேரில் ஓட்டை என்று யாராவது சொன்னால், சொன்னவர் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. இருபது வருஷம் கோடு எழுதியும் இந்தப் புத்தி மாறவில்லை.

"அந்த பஸ்ல வர்றவங்க யாருக்கும் எம் புருசன் ஊரே தெரியாது மேடம்," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன்.

"அது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

சரியான பதில். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன்.

டைம் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவர் கோபால். பொறுமைசாலி. அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, யார் எப்போது ஆப்பைத் திறந்தார்கள் என்கிற பதிவுகளைப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் ஈஸ்வரியின் கணக்கு, அவருடையதல்லாத ஒரு போனிலிருந்து திறக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு முதல் தடவையே சரி. உடைத்துக்கொண்டு யாரும் வரவில்லை. சாவி போட்டுத் திறந்து வந்திருக்கிறார்கள்.

ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். "உங்க பாஸ்வேர்டை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

அவ்வளவு கஷ்டத்திலும் சிரித்துவிட்டார். "பாஸ்வேர்டா? பொறந்த தேதியத்தானே மேடம் போட்டுக் குடுத்தீங்க. அத யாருகிட்டப் போயி சொல்லணும்? எங்க கிளாஸ்ல அம்புட்டுப் பேருக்கும் ஒரே தேதிதான்."

"புரியலையே..."

"ஸ்கூல்ல சேக்கயில ஹெட்மாஸ்டரே எழுதிக்குவாரு. ஜூன்ல ஸ்கூல் தொறக்கயில வயசு பத்தணும்ல? எல்லாத்துக்கும் மே பத்து. எம் பொறந்த நாளு எனக்கே தெரியாது மேடம்."

மறுபடி பதிவுகளைப் பார்த்தேன். ஈஸ்வரியின் கணக்கைத் திறந்த அதே போனில், அதற்கு இரண்டு நிமிஷம் முன்பு இன்னொரு தொழிலாளியின் கணக்கும் அவருக்கு மில் கொடுத்த டோக்கன் நம்பரைப் போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. கோபால் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது அந்தப் பிள்ளையோட நாத்தனாரு மேடம். வைண்டிங் செக்ஷன்ல வேலை பாக்குது. ரெண்டும் ஒண்ணாப் படிச்சதுக. அந்தப் பழக்கத்துலதான் அண்ணனுக்குக் கட்டி வச்சுச்சு."

ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே ஹெட்மாஸ்டர். அதனால் ஒரே பிறந்த தேதி. அந்தப் பெண் எதையும் யூகிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஈஸ்வரியின் டோக்கன் நம்பரைப் போட்டு, தன்னுடைய பாஸ்வேர்டையே அடித்திருக்கிறார். திறந்துகொண்டது.

டோக்கன் நம்பராவது ரகசியமா? மில்லில் ஒவ்வொருவருடைய சாப்பாட்டுத் தூக்கிலும் அது பெயிண்டில் எழுதியிருக்கும், மாறிவிடக் கூடாதே என்று. அந்த நம்பரைத்தான் நான் யூசர்நேம் ஆக்கியிருந்தேன்.

அங்கேயே தொழிலாளர் பட்டியலைத் திறந்து, பிறந்த தேதிப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். பக்கம் பக்கமாக மே மாதம். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் மே பத்து, அடுத்த ஊர்க்காரர்கள் எல்லாம் மே பதினைந்து. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு தேதி!

இதில் வேடிக்கை என்னவென்றால்... வேடிக்கை இல்லை, வெட்கம். இந்தப் பட்டியலை ஆப்பில் ஏற்றிய அன்றே இதைப் பார்த்திருக்கிறேன். "என்ன கோபால், உங்க டைப்பிஸ்ட் சோம்பேறித்தனமா ஒரே தேதியை இழுத்து விட்டுட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டோம்.

அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. நான் பிறந்தது புரட்டாசியில். என் சர்டிபிகேட்டில் இருப்பது மே மாதம். சின்னாளபட்டியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அம்மா தலையாட்ட, சார் தானாக எழுதிக்கொண்ட தேதி. பாஸ்போர்ட், பேங்க், ஆதார் எல்லாவற்றிலும் அதுதான். வருஷா வருஷம் பொய்யான நாளில் வாழ்த்து வருகிறது, நன்றியும் சொல்கிறேன். இந்த ஊர் விஷயம் தெரியாத வெளிநாட்டுக்காரர் எழுதிய சாஃப்ட்வேர் என்றால் மன்னிக்கலாம். எழுதியது நான்.

பிறந்த தேதி முதல் பாஸ்வேர்டு என்கிற ஏற்பாடு என் சொந்தச் சரக்கு அல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லாகின் கோடு. எக்ஸெல் பட்டியலைக் கொடுத்தால் போதும், ஐந்தே நிமிஷத்தில் எல்லாருக்கும் கணக்கு தயார். இதே பக்கத்தில் அதைச் சிலாகித்து லிங்க்கும் கொடுத்தேன். "முதல் தடவை உள்ளே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்" என்று அதில் ஒரு வசதி உண்டு. அதை நான்தான் அணைத்து வைத்தேன். "மாத்தச் சொன்னா மறந்துருவாங்க மேடம், அப்பறம் எனக்குத்தான் போன் வரும்," என்று கோபால் சொன்னார். எனக்கும் வசதியாக இருந்தது. கோடு எழுதியவர் மேல் குற்றம் இல்லை. பூட்டு நல்ல பூட்டுதான். சாவியை வாசலிலேயே தொங்கவிட்டது நான்.

ஹேக்கர் என்றால் நம் மனதில் யார் வருகிறார்? எங்கோ தூர தேசத்தில், முகத்தை மூடிக்கொண்டு, பத்து ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். அவரைத் தடுக்க என்னென்னவோ செய்கிறோம். நானும் செய்திருந்தேன். ஆனால் ஈஸ்வரிக்கு ஆபத்து கூடப் படித்த தோழியிடமிருந்து வந்தது. அவர் கெட்டவரும் இல்லை. கோபால் கூப்பிட்டுக் கேட்டபோது அழுதிருக்கிறார். "மகளைப் பாக்கணும்னு அண்ணன் அழுதுச்சு சார், அதான் பாத்துச் சொன்னேன்." இவரைத் தடுக்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆப்பை உடனே நிறுத்தினேன். எல்லாப் பாஸ்வேர்டையும் அழித்தேன். இனி அவரவர் டைம் ஆபீஸுக்கு வந்து, யாரும் பார்க்காமல் தாங்களே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது கோபால் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அவங்க எறங்குற எடம் அவங்களுக்கே தெரியாதா? அத எதுக்கு ஆப்ல காட்டுனோம்?"

எதற்குக் காட்டினோம்? யோசித்துப் பார்த்தேன். ஸ்கிரீனில் இடம் இருந்தது. பட்டியலில் அந்தப் பத்தி இருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்த ஒரு வரியை எடுத்தேன், பிறகு பட்டியலிலிருந்து அந்தப் பத்தியையே அழித்தேன். யாருக்கும் எந்த வசதியும் குறையவில்லை.

இதே இலவச லாகினை என் பேச்சைக் கேட்டு எடுத்துப் பயன்படுத்திய வாசகர்கள் உண்டே! எனக்கு எழுதியிருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் அதைத் தன் டியூஷன் சென்டருக்கு வைத்திருக்கிறார். பிள்ளைகளின் வீட்டு விலாசம் முதற்கொண்டு உள்ளே இருக்கிறது.

"ஏனுங்க மேடம், நம்மளது சின்ன டியூஷன் சென்டருங்க. இதையெல்லாம் யாருங்க வந்து பாக்கப் போறாங்க?"

ஈஸ்வரி கதையைச் சொன்னேன். அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

ஆகவே இந்த வாரம் லிங்க் கிடையாது. லிங்க்குக்குப் பதில் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சாஃப்ட்வேரில் எதை முதல் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறீர்களோ, அந்தப் பத்தியை ஒரே ஒரு தடவை வரிசைப்படுத்திப் பாருங்கள். நம் ஊர் ஹெட்மாஸ்டர்கள் தங்கள் கையெழுத்தை அதில் விட்டுவைத்திருப்பார்கள்.

ஓட்டையை அடைத்துவிட்டேன், சரி. ஆனால் வெளியே போன விஷயத்தைத் திரும்ப உள்ளே வாங்க எந்த அப்டேட்டும் இல்லை. ஈஸ்வரி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். கணவரைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் சித்தி வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. மகளுக்கு அந்தத் தெருவில் அப்போதுதான் இரண்டு தோழிகள் கிடைத்திருந்தார்களாம். என் ஐந்து நிமிஷச் சோம்பேறித்தனத்துக்கு அந்தக் குழந்தை இன்னொரு வீடு மாறியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், நீங்களாச்சும் வந்து பாத்தீங்களே," என்றார். அது இன்னும் வலித்தது.

நேற்று முதல் ஈஸ்வரி மறுபடி வேலைக்கு வருகிறார். டைம் ஆபீஸில் புதுப் பாஸ்வேர்டு போட உட்கார்ந்தவர், எல்லாரையும் திரும்பிக்கொள்ளச் சொன்னாராம். இறங்கும் இடத்தை டிரைவர் காதில் மட்டும் சொல்லியிருக்கிறார்.

எந்த ஸ்டாப்? எனக்குத் தெரியாது. இப்போது என் ஆப்புக்கும் தெரியாது.