வேறொருவன் பெயரில் வந்த சான்றிதழ்

இந்த மலாய் நாட்டில் ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தன் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். ஈப்போவுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய அதிசயம். பேரங்காடியில் குலுக்கல் சீட்டு ஒன்று தந்தார்கள். பெயர் எழுதச் சின்னதாக ஒரு கோடு, ஐசி என்கிற அந்த அடையாள எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். நான் பெயரை மட்டும் எழுதி நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் தந்துவிட்டாள். விருதுநகர்ப் பக்கம் எங்கள் ரேஷன் கார்டு எண் என் அப்பாவுக்கே தெரியாது. பெயர், தெரு, இன்னார் மகள் என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். மீதி வேலையைத் தலைமையாசிரியரின் ரப்பர் ஸ்டாம்பு முடித்துவைக்கும்.

ஊரில் நான் ஓவிய ஆசிரியை. கல்யாணம் முடிந்து இங்கே வந்ததும் ஒருவருடைய மனைவி, அவ்வளவுதான். கணவருக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தார் அனுமதி வாங்கி வாரம் இரண்டு நாள் கூடுதல் வகுப்பு எடுக்க அழைத்தார்கள். கோலா கங்சார் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிற பள்ளி அது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை மரங்கள். ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளி மட்டும் நின்றுவிட்டது. முப்பது பிள்ளைகள் இருந்தால் அதிகம்.

யாரோ புண்ணியவான் கொடுத்த பெரிய டிவி ஒன்று வகுப்பில் இருந்தது. அதை வைத்து ‘உலகக் கலைகள்’ என்று ஆரம்பித்தேன். ஒரு நாட்டின் ஆட்டத்தையோ ஓவியத்தையோ முதலில் திரையில் பார்ப்போம். பிறகு கையில் கிடைப்பதை வைத்து நாங்களே செய்வோம். செய்ததை என் போனில் படம் பிடிப்போம். மெக்சிகோக்காரர்கள் போல வண்ணத்தாளில் பூ வெட்டிச் சிற்றுண்டிச் சாலையில் தோரணம் கட்டினோம். அங்கே மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டும் அக்கா, “என்னா பண்டிக டீச்சர்? லீவு உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அந்த நாட்டின் மேலேயே மரியாதை போய்விட்டது.

இந்தோனேசிய நிழற்பாவைக் கூத்தைக் காட்டிய நாள் ஒரு பையன் கத்தினான்: “டீச்சர், யாஷினி அம்மா ஊரு லா அது!” யாஷினி ஐந்தாம் ஆண்டு, எங்கள் ஊர்க் கணக்கில் ஐந்தாம் வகுப்பு. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவள் அப்பா இந்தத் தோட்டத்துத் தமிழர், லோரி ஓட்டுபவர். அம்மா லொம்போக் தீவிலிருந்து செம்பனை வேலைக்கு வந்தவள். கல்யாணத்தைப் பதியவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதில் அம்மா திரும்பிப் போனாள், பிறகு பேச்சுமூச்சில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை அம்மாவின் நாட்டைச் சேர்ந்ததாம். அந்த நாட்டுக்கோ இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. ஆக, வகுப்பில் பன்னிரண்டு இலக்க எண் இல்லாதவள் அவள் ஒருத்திதான். நானும் இல்லாதவள்தான், ஆனால் எனக்குப் பாஸ்போர்ட் இருந்தது. வருகைப் பதிவில் பெயர் இல்லாமலே தலைமையாசிரியர் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவிட்டிருந்தார்.

அடுத்த வாரம் அவள் மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி, செம்பனை ஈர்க்கைக் குச்சியாகக் கட்டி இரண்டு பாவைகள் கொண்டுவந்தாள். படகில் ஒரு பெண். கரையில் ஒரு சிறுமி. வெள்ளை விரிப்புக்குப் பின்னால் என் போன் விளக்கை வைத்து அவளே ஆட்டினாள், அவளே தமிழில் கதை சொன்னாள். படகுப் பெண்ணைக் கையிலேந்தியபடி எனக்கு விளக்கம் வேறு: “வெளக்குக்குக் கிட்ட போனா அம்மா பெருசா தெரிவாங்க டீச்சர். ஆனா மூஞ்சி தெரியாது.” நடுவில் ஒரு தாலாட்டு வந்தது. என்ன மொழி என்று கேட்டேன். “தெரியல, அர்த்தமும் தெரியல, ஆனா பாட வரும்,” என்றாள். நான்கு நிமிடப் படம். எடுத்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

பள்ளிகளுக்கான காணொளிப் போட்டிக்கு அதை அனுப்பலாம் என்றதும், யாஷினியை வளர்க்கும் அத்தை சாந்தி அக்கா பள்ளிக்கே வந்துவிட்டார். “டீச்சர், சர்டிபிகேட்ல இவ பேரு வருமா? பேரு போட்ட பேப்பர் எது கெடச்சாலும் மனு பைலுக்குள்ள வெச்சிக்கச் சொல்றாங்க. இப்பவே ஆறாம் ஆண்டு வரப்போவுது. பேப்பர் இல்லன்னா இடைநிலைப் பள்ளியில எடுப்பாங்களோ மாட்டாங்களோ.” குடியுரிமைக்கு அவர் மூன்று முறை மனுப் போட்டிருந்தார். கட்டாயம் வரும் அக்கா என்று வாக்குக் கொடுத்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன் என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படத்தை ஏற்றும் இணையதளம் முதலில் கேட்டது மாணவரின் அடையாள எண்ணை. பெயரை அடிக்க இடமே இல்லை. எண்ணைப் போட்டால் பெயர் தானாக வரும். கீர்த்தன் என்றொரு பையன் ஈப்போவுக்கு மாறிப் போயிருந்தான், எங்கள் பதிவில் அவன் எண் இன்னும் நீக்கப்படவில்லை. அதைப் போட்டேன். ஏன் பயம் வரவில்லை தெரியுமா? பத்தாம் வகுப்பில் எனக்கு ஓவியப் பரிசு கிடைத்தபோது சான்றிதழில் என் பெயருக்குப் பதில் என் தோழியின் பெயர் இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் அதை அடித்து, பச்சை மையில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை நச்சென்று குத்தித் தந்தார். முடிந்தது. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பெயரைப் பிறகு மாற்றிக்கொண்டால் போகிறது.

மாநில அளவில் இரண்டாம் பரிசு. சான்றிதழ் கணினியில் வந்தது, கீர்த்தன் பெயரில். சாந்தி அக்கா மகிழ்ச்சியில் ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். யாஷினி, “படம் என்னோடதுதானே டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். அன்றே போட்டி நடத்தியவர்களை அழைத்து, என் அரைகுறை மலாயில் உண்மையைச் சொல்லி, பெயரை மாற்றித் தரச் சொன்னேன். போனில் பேசிய பெண் அத்தனை இனிமையாக, “தாக் அப்பா சிக்கு, தாக் அப்பா,” என்றார். பரவாயில்லை டீச்சர் என்று அர்த்தம். சரி செய்துவிடுவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் என்னைத் தேற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் பள்ளிக்குக் கடிதம் வந்தது. பரிசு ரத்து. அதுகூடப் போகட்டும். இன்னொருவர் எண்ணில் பங்கெடுத்த, பதிவில் இல்லாத மாணவர் யார், எத்தனை காலமாக வகுப்பில் இருக்கிறார் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. அவர் என்னைத் திட்டவில்லை. “ஒங்களுக்கு இங்க உள்ள மொறை தெரியாது டீச்சர். நான் ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு இருந்ததாலதான் அந்தப் புள்ள இங்க இருந்திச்சி. இப்ப எல்லாரு கண்ணையும் தொறந்து வுட்டுட்டீங்க. பேப்பர் வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும், வேற வழி இல்ல.” பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். ஆனால் குரங்கு என் தலையில் உட்காரவில்லை, அந்தப் பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். நான் போகாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரச் சொல்கிறார்கள், முதலில் என் விசாவைக் கேட்கிறார்கள், பிறகு நீங்கள் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். டீச்சர் என்பது உறவில் சேர்த்தி இல்லை. நான்காவது மனுவும் காரணம் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு நல்லது நடக்கும் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கும் ஆசைதான். மனசறிந்து பொய் எழுத வரவில்லை.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் ஆள் இருக்கிற கடைசி நாலைந்து வீடுகளில் ஒன்று. சாந்தி அக்கா, “வாங்க டீச்சர், பசியாறிட்டீங்களா?” என்றார். கோபமே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாஷினி என் போனை வாங்கி, “லொம்போக் காட்டுங்க,” என்றாள். வரைபடத்தைத் திறந்து தீவைக் காட்டினேன். வீடு தெரிகிற வரைக்கும் பெரிதாக்கச் சொன்னாள். கூரைகள் கூரைகளாக வந்தன. எந்தக் கூரை என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

“ஒங்க வீடு?” என்றாள். கடலைத் தாண்டிப் போய் எங்கள் தெருவைக் கண்டுபிடித்தேன். மொட்டைமாடியில் அப்பா வைத்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“அப்ப ஒங்களுக்குத் திரும்பிப் போறதுக்கு வீடு இருக்கு லா.”

கல்யாணமான மாதமே ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் இதையும் ஒப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. இருக்கு என்றேன்.

“இப்ப நம்மள காட்டுங்க.” திரையைத் தொட்டேன். தோட்டத்தின் பெயர் இல்லை, வீடுகள் இல்லை, சாலைகூட இல்லை. ஒரே பச்சை. பச்சைக்கு நடுவில் ஒரு நீலப் புள்ளி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள்.

“இது யாரு டீச்சர்? நீங்களா, நானா?”

போன் என்னுடையது. நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.